ஸ்டீல்ஹெட்–சால்மன் ஃப்ளை பெட்டி: மூணாறு டிரவுட்டுக்கு எத்தனை தேறும்?

‘ஸ்டீல்ஹெட்–சால்மன் கலவை, 40 ஃப்ளை’ என்று, ஃப்ளை எனப்படும் பொய் இரைகள் (முள்ளில் இறகும் நூலும் கட்டியவை) அடங்கிய ஒரு பெட்டி இணையக் கடைகளில் நாலைந்து விற்பனையாளர் பெயரில் கிடைக்கிறது. அட்டை மாறும், சரக்கு ஒன்றுதான். மூணாறு, தேவிகுளம் பக்கம் டிரவுட் தூண்டில் பழகத் தொடங்குகிறவர்களிலும், போடிமெட்டு ஏறி வருகிற தேனிக்காரர்களிலும் பலர் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். ஸ்டீல்ஹெட்டும் ரெயின்போ டிரவுட்டும் ஒரே இனம் என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பதால் வரும் நம்பிக்கை அது. இனம் ஒன்றுதான், பிழைப்பு வேறு. அதனால் 40-இல் நம் மலை ஓடைக்கும் ஏரிக்கும் ஏறக்குறைய அப்படியே ஆவது 9. கத்தரியும் நகமும் போட்டுத் திருத்தினால் இன்னும் 13. மீதி 18-க்கு இங்கே வேலை கிடையாது.

ரெயின்போவை முன்பு அட்லாண்டிக் சால்மன் இருக்கும் சால்மோ பேரினத்தில் வைத்திருந்தார்கள். 1989-இல் பசிபிக் சால்மன்களோடு சேர்த்து ஆன்கோரிங்கஸ் மைகிஸ் என்று மாற்றினார்கள். இந்த மைகிஸ் கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பினால் அதன் பெயர் ஸ்டீல்ஹெட். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்கீனா, ஒரிகனின் டெஷூட்ஸ் போன்ற அகலமான ஆறுகளில் ஏறிவரும் இந்த மீன் வழியில் இரை தேடுவது குறைவு. பசிபிக் சால்மன் ஆற்றுக்குள் வந்தபின் தீனியை ஏறக்குறைய விட்டேவிடும். ஆகவே அங்கே ஃப்ளை என்பது சாப்பாடு மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. மீனைச் சீண்டினால் போதும். பெரிய உருவம், ஊதா, இளஞ்சிவப்பு, மினுக்கு நூல், நீரோட்டத்தில் குறுக்கே இழுபட்டு மூக்குக்கு முன்னால் ஆடும் இறகு எல்லாம் அதற்காகத்தான்.

மூணாற்று ரெயின்போ கடலைக் கண்டதில்லை. பிறந்த ஓடையிலோ விடப்பட்ட ஏரியிலோ அன்றாடம் மேய்ந்து வளர்வது. ஓடையில் பெரும்பாலும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் மீன். தண்ணீர் முழங்கால் ஆழம், கூழாங்கல் எண்ணலாம் போலத் தெளிவு. அதன் வாயில் போவது அரை அங்குலத்துக்கு உட்பட்ட பூச்சிகள். இந்த இரண்டு மீனுக்கும் ஒரே பெட்டி என்றால் பெட்டிக்குள் பொறுக்கத்தான் வேண்டும்.

பெட்டியில் முதலிடம் ஆலிவ் நிற வூலி பக்கருக்கு. 8-ஆம் நம்பர் முள்ளில் 4 இருக்கின்றன. (நம்பர் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதைப் புதியவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 4 பெரியது, 14 சிறியது.) 1967-இல் பென்சில்வேனியாவின் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் கட்டிய மாதிரி இது. மராபூ என்ற பஞ்சு போன்ற மெல்லிறகில் வால், ஷெனில் என்ற புசுபுசு நூலில் உடல், உடல் நெடுகச் சுற்றிய ஹேக்கிள் எனும் கழுத்திறகு. ஏரியில் இது தும்பியின் இளம்புழுவுக்கு அச்சாகப் பொருந்தும். ஓரத்துப் பாசிக்கு வெளியே வீசி, மனதுக்குள் ஐந்து முதல் பத்து வரை எண்ணி மூழ்கவிட்டு, லைனை நாலு விரற்கடை நாலு விரற்கடையாக இழுத்து நிறுத்துங்கள். நிறுத்தும்போதுதான் கடிக்கும். இழுத்துக்கொண்டே இருந்தால் மீன் பின்னால் வந்து திரும்பிவிடும்.

இந்தப் பெட்டி பக்கரில் வால் நீளம். முள்ளின் தண்டு நீளத்துக்கு மேல் வால் இருந்தால் மீன் வாலை மட்டும் கவ்வி விட்டுவிடும். கையில் தட்டிய உணர்வு வரும், முள் ஏறாது. கத்தரியால் நேராக வெட்டினால் மராபூ துடைப்பக்கட்டை போல நிற்கும். ஆகவே நகத்தால் சிறிது சிறிதாகக் கிள்ளி எடுங்கள், நுனி மெலிந்தபடியே இருக்கும். இன்னொரு குறை, ஹேக்கிள் மேல் கம்பி சுற்றவில்லை. டிரவுட் பல் பட்டு ஓர் இடத்தில் இறகுத் தண்டு அறுந்தால் முழுதும் அவிழ்ந்துவிடும். புது ஃப்ளையின் அடிவயிற்றில் ஃபெவிக்விக்கை ஊசிமுனையால் மெல்லிய கோடாக இழுத்துக் காயவிட்டால் உழைக்கும். வயிற்றுப்பக்கம் மட்டும். பக்கவாட்டில் வழிந்தால் இறகு விறைத்துப்போய் ஃப்ளை தண்ணீரில் செத்த கட்டையாக வரும்.

கறுப்பு பக்கர் 4, முட்டை உறிஞ்சும் அட்டை எனப்படும் எக் சக்கிங் லீச் 5, எல்லாமே 4-ஆம் நம்பர் முள். அப்படியே போட்டால் ஓடை மீனுக்கு அளவு மிஞ்சியது. ஆனால் மழை விட்ட மறுநாள், எஸ்டேட் ரோட்டுச் செம்மண் கரைந்து ஓடை டீ நிறத்தில் இறங்கும்போது இவற்றுக்கு ஒரு வேலை உண்டு. கலங்கலில் மீன் நிறத்தைப் பார்ப்பதில்லை, நிழலுருவத்தைப் பார்க்கிறது. அதற்குக் கறுப்பை மிஞ்ச எதுவுமில்லை. வாலைப் பாதியாகக் கிள்ளி, ஹேக்கிளை மேலும் கீழும் கத்தரித்துப் பக்கவாட்டில் மட்டும் விட்டால் 4-ஆம் நம்பர் 6 மாதிரி மெலிந்துவிடும். லீச்சின் தலையில் இருக்கும் இளஞ்சிவப்பு உருண்டை சால்மன் முட்டைக்கான வேஷம். அலாஸ்காவில் சால்மன் முட்டையிடும் காலத்தில் அர்த்தமுள்ளது. இங்கே தெளிந்த நீரில் மீனை விரட்டும். ஷெனில் பஞ்சை மட்டும் கத்தரித்து, உள்நூலைத் தொடாமல் விட்டு, மேலே கறுப்பு நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். நூலையும் சேர்த்து வெட்டினால் தலை முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும்.

அடுத்து குளோபக் முட்டைகள், 8. பாதி ஆரஞ்சு, கண்ணைக் குத்தும் ஃப்ளோரசன்ட். பாதி வெளிர் பீச். அமெரிக்காவின் பேரேரிகளில் சேரும் ஆறுகளில் ஸ்டீல்ஹெட்டுக்கு முட்டை ஃப்ளை தினசரிச் சோறு மாதிரி. மற்ற மீன்கள் இட்ட முட்டை ஓட்டத்தில் உருண்டு வரும், அதைத் தின்னும் பழக்கம் அங்கே உண்டு. அளவுதான் பிரச்சினை. பெட்டி முட்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது. ரெயின்போவின் முட்டை 4, 5 மில்லிமீட்டர். சினூக் சால்மன் முட்டைதான் ஏறக்குறைய அதைப்போல் இரட்டிப்பு. பீச் நிறம் நான்கையும் நனைத்து, விரலால் பிழிந்து, வளைந்த கத்தரியால் 6 மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். முள்ளின் வாய்க்கும் உருண்டைக்கும் நடுவே இடைவெளி திறக்க வேண்டும். மீன் கடித்தும் முள் ஏறாமல் போவதற்குப் பெரும்பாலும் அந்த இடைவெளி அடைத்துக் கிடப்பதே காரணம். ஆரஞ்சு நான்கையும் தூக்கி ஓரம் வைக்கலாம். முட்டையிடக் கூழாங்கல் குழி பறித்து நிற்கும் மீன்மேல் முட்டை ஃப்ளை வீசுவது எங்குமே நல்ல பழக்கம் இல்லை. வெளுத்த குழியைக் கண்டால் விலகி நடங்கள், மிதித்தால் அந்த வருஷக் குஞ்சு போச்சு.

அடுத்து நிம்ஃப், அதாவது நீருக்கடியில் வாழும் இளம்பூச்சியின் வேஷம். பிரின்ஸ் நிம்ஃப் 3, 10-ஆம் நம்பர். கறுப்பு ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப் 2, 8-ஆம் நம்பர். இந்த ஐந்துக்காகவே பெட்டிக்கு மன்னிப்பு உண்டு. பிரின்ஸின் மயில் தோகை நார் உடல் ஈரத்தில் பச்சையும் செம்பும் கலந்து மின்னும். எந்தப் பூச்சி என்று பெயர் சொல்ல முடியாது, எல்லாப் பூச்சியும் மாதிரி இருக்கும். விளம்பரத்தில் ‘டங்ஸ்டன் தலை’ என்கிறார்கள். வந்திருப்பது பித்தளை. டங்ஸ்டன் பித்தளையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி, பித்தளை காந்தத்தில் ஒட்டாது, டங்ஸ்டனும் பெரும்பாலும் ஒட்டாது. ஆகவே காந்தம் வைத்துச் சோதித்துப் பயனில்லை. ஒரே அளவு மணியை இரண்டு கையில் வைத்தாலே தெரியும், அல்லது ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு அடியில் சேரும் வேகத்தைப் பாருங்கள். முழங்கால் ஆழ ஓடையில் பித்தளையே போதும். டங்ஸ்டன் கல்லிடுக்கில் போய் மாட்டும். பாறைக்குக் கீழே ஆள் ஆழமுள்ள கசத்துக்குத்தான் டங்ஸ்டன் தேவை.

நிம்ஃபை மேல்நோக்கி வீசி, ஓட்டத்தின் வேகத்திலேயே வரவிட வேண்டும். மிதவை கட்டினால் அதிலிருந்து ஃப்ளைக்கு ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம். மிதவை நுரையைவிட வேகமாக ஓடினால் அடியில் நிம்ஃப் இழுபடுகிறது என்று பொருள். அடிநீர் மேல்நீரைவிட மெதுவாகத்தான் போகும். மிதவை நுரைக்குச் சற்றுப் பின்தங்கி வந்தால் சரி.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இன்ட்ரூடர் 3. எட் வார்டு போன்றவர்கள் பெரிய ஆற்றுக் குளிர்கால ஸ்டீல்ஹெட்டுக்கென்றே உருவாக்கியது. இரும்புக் கண்ணும் நீள இறகுமாக விரல் நீளத்துக்கு மேல். இதை வீச 7, 8 வெயிட் கோலும் (வெயிட் எண் கூடினால் கனத்த லைனுக்கான கோல்) மூழ்கும் நுனி லைனும் வேண்டும். நம்மவர்கள் வைத்திருக்கும் 4, 5 வெயிட் கோலில் கட்டினால் லைன் பாதியில் மடிந்து விழும். கண் உலோகம் கோலின் கார்பன் நுனியில் ஒருமுறை பட்டால் அன்றைக்கு உடையாது, பெரிய மீன் வரும் அன்றைக்கு உடையும். கிரீன் பட் ஸ்கங்க் 4. கறுப்பு உடல், பச்சைப் பிட்டம், வெள்ளை முடி இறக்கை. பார்க்க அழகு. குறுக்கே வீசி ஸ்விங் பண்ண அகலமான ஆறு வேண்டும். இரண்டு எட்டில் தாண்டிவிடக்கூடிய ஓடையில் அதற்கு இடமேது? கிளவுசர் மின்னோ 3, மட்லர் மின்னோ 2. இவை டிரவுட்டைவிட அடிவாரத்து விராலுக்கு உகந்தவை. மட்லரின் மான்முடித் தலை உள்ளே துளையுள்ள முடி, மிதக்கும். குளத்தில் தாமரை இலை ஓரமாக இழுத்தால் விரால் பாயும். களை மாட்டாமல் இருக்க முள்முனைக்கு முன்னால் ஒரு நைலான் வளையம் கட்டிக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டும் ஸ்காட்லாந்து பாணி சால்மன் ஃப்ளை. கன்னத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த இறகு. இந்தப் புள்ளி இறகின் அசல் நம் சாம்பல் காட்டுக்கோழியின் பிடரி. மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவை. விக்டோரியா காலத்தில் சால்மன் ஃப்ளைகளுக்காக இதை இந்தியாவிலிருந்து பெட்டி பெட்டியாகத் தருவித்தார்கள். பெட்டியில் வந்திருப்பது அச்சடித்த பிளாஸ்டிக் நகல், நல்லதுதான். எஸ்டேட் வரப்பில் திரியும் சேவலைப் பார்த்ததும் யாருக்கும் யோசனை வரக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கும் பறவை. கூடவே இதையும் சொல்லிவிடலாம்: இரவிகுளம் தேசியப் பூங்கா ஓடைகளில் இஷ்டத்துக்குக் கோல் வீச முடியாது, எஸ்டேட் ஏரிக்கும் அனுமதி வேண்டும். வாட்சர் மடக்கி நிறுத்தினால் பெட்டியின் விலையைவிட மானம்தான் அதிகம் போகும்.

தயாரிப்புத் தரம் பாதி பாதி. முள் கூர்மை பெருவிரல் நகத்தில் தெரியும். முனையை நகத்தில் சாய்த்து மெல்ல இழுங்கள், கவ்வ வேண்டும், வழுக்கினால் மழுங்கல். இந்தப் பெட்டியில் சிறிய முட்கள் கவ்வுகின்றன, 4-ஆம் நம்பர் முட்களில் சில வழுக்குகின்றன. சாணைக்கல்லில் முனையை நோக்கி நாலு இழுப்பு போதும். வாங்கியதும் ஒன்றை நோஸ் பிளையரில் பிடித்து வளைத்துப் பாருங்கள். சற்று விரிந்து திரும்பினால் நல்ல எஃகு. விரிந்தபடியே நின்றால் இளகிய கம்பி, படக்கென்று ஒடிந்தால் பதம் மிஞ்சியது. ஆற்றங்கரையில் எதிர்முள்ளை (முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு செதிளை) நசுக்கும்போது ஒடிவது இந்தக் கடைசி வகை. எதிர்முள்ளை நசுக்கத்தான் வேண்டும்: சிறிய மீனை விட்டுவிடவும், உங்கள் காதில் ஏறினால் கழற்றவும்.

முள்ளின் காதை வெளிச்சத்தில் பிடியுங்கள். பசை அடைத்திருந்தால் ஊசியால் குத்தித் திறக்கலாம். காது வளையம் முழுதாக மூடாமல் மயிரிழை இடைவெளி விட்டிருந்தால் அந்த ஃப்ளையை ஒதுக்குங்கள். டிப்பெட், அதாவது ஃப்ளையைக் கட்டும் மெல்லிய கடைசி நூல், அந்த இடுக்கில் நுழைந்து அறுபடும், ‘பெரிய மீன் அறுத்துக்கொண்டு போனது’ என்ற கதைகளில் பல அங்கே பிறப்பவை. சாயம் இன்னொரு தொல்லை. ஊதா மராபூவை வெந்நீரில் கால் மணி நேரம் போட்டால் தண்ணீர் நாவற்பழச் சாறாகிறது. முதலிலேயே தனியாக அலசிக் காயவைக்காவிட்டால் பெட்டிக்குள் பக்கத்திலிருக்கும் பீச் முட்டையெல்லாம் ஊதாவாகும்.

டிப்பெட் கணக்கில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். முள் நம்பரை மூன்றால் வகுத்தால் டிப்பெட்டின் எக்ஸ் நம்பர் வரும், எக்ஸ் கூடக் கூட நூல் மெலியும். 12-ஆம் நம்பர் ஃப்ளைக்கு 4எக்ஸ், அதாவது சுமார் 0.18 மில்லிமீட்டர். இந்தப் பெட்டியின் 4-ஆம் நம்பர் லீச்சை 5எக்ஸில் கட்டினால் நாலாவது வீச்சில் டிப்பெட் முறுக்கிச் சுருள்விடும், ஆறாவது வீச்சில் ஃப்ளை எதிர்க்கரை சோலைக்குள் பறக்கும். அதற்கு 1எக்ஸ், 2எக்ஸ் வேண்டும். தெளிந்த நீரில் அந்தத் தடிமன் மீனுக்குத் தெரியும். பெரிய ஃப்ளை தெளிந்த ஓடைக்கு ஆகாது என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

பெட்டியில் இல்லாதவைதான் உண்மையில் இங்கே வேண்டியவை. ஓடைக்கு இருபுறமும் புல்மேடு. வெயில் ஏறிக் காற்று கிளம்பியதும் எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி தண்ணீரில் விழும், ரெயின்போ மேலே பார்த்துக்கொண்டே நிற்கும். 14-ஆம் நம்பர் கறுப்பு எறும்பு, ஃபோம் வண்டு, 10-ஆம் நம்பர் வெட்டுக்கிளி, 14-ஆம் நம்பர் எல்க் ஹேர் கேடிஸ், 16-ஆம் நம்பர் ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப். இதில் ஒன்றுகூடக் கிடையாது. கேடிஸின் பழுப்பு நிறம் முதல் மழைக்குப்பின் ஈசல் பறக்கும் மாலைக்கும் ஒத்துவரும். 40 ஃப்ளையில் மிதப்பது மட்லர் ஒன்றுதான் என்பது ஸ்டீல்ஹெட் பெட்டிக்குக் குற்றமில்லை. அதை டிரவுட் பெட்டி என்று இங்கே விற்பதுதான் குற்றம்.

ஆற்றங்கரையில் நின்று எதை எடுப்பது என்பதற்கு நிறத்துக்கு முன்னால் அளவையும் ஆழத்தையும் பாருங்கள். முழங்கால் நீரில் கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியின் அளவே உங்கள் முள் அளவு. ஆழத்தில் சிவப்பு முதலில் மங்கும், ஆகவே இந்த நிறம்தான் சரி என்றெல்லாம் படித்திருப்பீர்கள். அது ஆள் மூழ்கும் நீரில் பொருந்தும், முழங்கால் நீரில் பேச்சுக்கே இடமில்லை. அளவு சரி, ஆழம் சரி, மீன் இன்னும் கடிக்கவில்லையென்றால் அதன்பின் நிறத்தை மாற்றலாம். காலையில் பனி விலகாத குளிரில் மெதுவாக, அடியோடு. வெயிலில் மேலே. நீர் 20 டிகிரிக்கு மேல் சுடும் பகலில் மீனே சோர்ந்திருக்கும், அப்போது பிடித்து விட்டாலும் பிழைப்பது சந்தேகம். கோலை மடித்து வையுங்கள்.

பெட்டியின் கீல் நல்லது, ரப்பர் விளிம்பு தண்ணீர் விடாது. அதுவே மூணாற்று மழைக்காலத்தில் தொல்லையும்கூட. நனைந்த ஃப்ளையை உள்ளே வைத்து மூடினால் ஈரம் வெளியேறாமல் இரண்டே நாளில் முள் துருப்பிடிக்கும், துரு டிப்பெட்டையும் கடிக்கும். இரவு திறந்து வைத்து அடுப்பங்கரைச் சூட்டில் ஆறவிடுங்கள், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள்.

வான்கூவரிலோ சியாட்டிலிலோ பிள்ளைகள் இருந்து, அங்கே போகும்போது ஆற்றில் இறங்க நினைப்பவர்களுக்கு இந்தப் பெட்டி கொடுத்த காசுக்கு மோசமில்லை. இன்ட்ரூடரும் ஸ்கங்க்கும் அங்கே உழைக்கும், பக்கர் எங்கும் உழைக்கும். மூணாற்றுக்கு மட்டும் என்றால் வாங்க வேண்டாம். ஆலிவ் பக்கர் 8-இல் மூன்று, கறுப்பு ஒன்று, பிரின்ஸ் 12-இல் மூன்று, ஃபெசன்ட் டெய்ல் 16-இல் மூன்று, கேடிஸ், எறும்பு, வண்டு தலா இரண்டு, வெட்டுக்கிளி ஒன்று என்று உதிரியாகக் கேட்டு வாங்குங்கள். பதினேழே ஃப்ளை, ஏரிக்கும் ஓடைக்கும் வரும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அந்த 18-ஐயும் வீசிவிட வேண்டாம். மீனுக்கு ஆகாவிட்டாலும் அவை மூலப்பொருள். இன்ட்ரூடர், ஸ்கங்க் ஆகியவற்றின் நூலைப் பழைய பிளேடால் தண்டு நெடுகக் கீறினால் இறகும் மினுக்கு நூலும் உலோகக் கண்ணும் தனித்தனியே வந்துவிடும், 10-ஆம் நம்பர் முள்ளில் மெல்லிய பக்கர் கட்ட அது தாராளம். மிஞ்சும் வெறும் முள்ளைக் குப்பையில் போடுமுன் முனையைப் பிளையரால் நறுக்கிவிடுங்கள், லயத்துப் பக்கம் குப்பையைக் கிளறுவது மாடும் கோழியும்.